நடந்தே பார்க்கலாம்: கொடைக்கானல் ஏரிக்குக் கலுங்கு எங்கே இருக்கு?

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் வேன்கள், கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்பாக ஒரு வளைவில் தானாகவே நின்றுவிடும். வெள்ளி நீர்வீழ்ச்சி. கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றிப்போன குழந்தைகள் முகம் கழுவுவார்கள். பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்வார்கள். குரங்குகள் வேனுக்குள் எட்டிப் பார்க்கும். 180 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு முன்னால் நாலு செல்ஃபி, ஆளுக்கொரு வேகவைத்த சோளம், பிறகு மறுபடியும் பயணம்.

டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு மேலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் அப்படித்தான் அங்கே நின்றது. அப்பா, அம்மா, சித்தப்பா வீட்டார், கல்லூரி முதலாண்டு படிக்கும் பேத்தி, எழுபது வயதைத் தாண்டிய அப்பத்தா. எல்லோரும் அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பத்தா மட்டும் டிரைவரிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, இம்புட்டுத் தண்ணி எங்கருந்து வருது? மழையக் காணோம்."

"மேல ஏரி இருக்குல்ல ஆத்தா, அது நிறைஞ்சு வழியிறதுதான்."

"அப்ப மறுகால்னு சொல்லு."

டிரைவர் சிரித்துவிட்டார். ஆனால், அப்பத்தா சொன்னதுதான் சரி. கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறுவதைத்தான் மதுரைப் பக்கம் 'மறுகால் பாயுது' என்பார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி, கொடைக்கானல் ஏரியின் மறுகால். அதாவது, ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஏரித் தண்ணீரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது தெரியாமலே சோளம் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

அங்கே பிடித்துக்கொண்ட கேள்வியை அப்பத்தா மேலே போகும் வரை விடவில்லை. அவருடைய அப்பா ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு ஓர் ஏரி என்றால் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் கரை அதைத் தடுத்து நிறுத்துகிறது, மிஞ்சியது எங்கே போகிறது?

வேனிலேயே ஏரியைச் சுற்றிவிட்டு ஓட்டலுக்குப் போய்விடலாம் என்றார் சித்தப்பா. மறுநாள் காலை நடந்தே போகலாம் என்றாள் பேத்தி. அப்பத்தா பேத்தியின் பக்கம்.

கண்மாய் மாவட்டத்துக் கலெக்டர்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், மேலே மேகம் என்றால் அப்படித் தோன்றுவதில் ஆச்சர்யம் இல்லை. ஆனால், இது கட்டப்பட்ட ஏரி. வயது 160-ஐத் தாண்டிவிட்டது.

மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845-ல். அப்போது இங்கே ஏரி கிடையாது. சிற்றோடைகள் வந்து சேரும் ஒரு சதுப்பு நிலம் மட்டும் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் அந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்ட வைத்தார். தண்ணீர் தேங்கியது. சதுப்பு ஏரியானது. ஓய்வுபெற்ற பிறகு அவர் இந்த ஊரிலேயே வந்து தங்கிவிட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததாகவும் சொல்கிறார்கள்.

அந்தப் படகுக் கதையை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். அப்போது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏறி வர வேண்டும். ஒரு படகு அந்தப் பாதையில் ஏறி வந்திருக்கிறது என்றால், அதை யாரோ தோளில் சுமந்திருக்கிறார்கள். கரைக்கு மண் சுமந்ததும் அப்படிப்பட்ட கைகள்தான். கலெக்டரின் பெயர் எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கொடைக்கானல் இன்று திண்டுக்கல் மாவட்டம். ஆனால், 1985 வரை அது மதுரை மாவட்டம். ஊருக்கு ஊர் கண்மாய் இருக்கிற மாவட்டம். மழைநீரை ஒரு பள்ளத்தில் கரை போட்டு நிறுத்துவது அந்த மண்ணுக்குப் பல நூறு ஆண்டுப் பழக்கம். மதுரையை ஆண்ட வெள்ளைக்காரர் மலை மேல் ஏறி வந்து செய்ததும் அதே வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம், கீழே கண்மாய் வெட்டியது வயலுக்கு. இங்கே வெட்டியது படகு விடவும் பார்த்து ரசிக்கவும்.

"அப்ப இந்தக் கண்மாய்க்கு ஆயக்கட்டே கிடையாதா?" என்று பேத்தியிடம் ஆச்சர்யமாகக் கேட்டார் அப்பத்தா. ஆயக்கட்டு என்றால் ஒரு கண்மாயை நம்பி இருக்கும் நிலப்பரப்பு. நெல் வயல் ஒன்றுகூட இல்லைதான். ஆனால், கரையைச் சுற்றிப் பார்த்தால் வேறொரு ஆயக்கட்டு தெரியும். சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், குதிரைக்காரர், படகு ஓட்டுகிறவர், சோளம் சுடுகிற அம்மா, ஸ்வெட்டர் கடைக்காரர், சாக்லேட் கடைக்காரர், அறை வாடகைக்கு விடும் ஓட்டல்காரர். இவ்வளவு பேர் வீட்டிலும் உலை கொதிப்பது இந்த 60 ஏக்கர் தண்ணீரால்.

5 கிலோமீட்டர் என்ன சொல்கிறது?

ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. சாதாரணமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். காரில் போனால், நெரிசல் இல்லாத நாளில் கால் மணி நேரம்கூட ஆகாது. சீசனில் காரைவிட நடப்பவர் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

நடப்பதற்கு ஏற்ற நேரம் காலை ஆறரை மணி. படகுத் துறையில் கூட்டம் கிடையாது, குதிரைகள் வந்திருக்காது, கடைகள் பாதிதான் திறந்திருக்கும். ஏரியின் மேல் பனிப்புகை தரையோடு தவழ்ந்துகொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருந்த இரவுக்கு மறுநாள் என்றால் ஏரிச்சாலை, ஜிம்கானா, கீழ்பூமி பக்கத்துப் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஊரிலேயே பள்ளமான இடம் ஏரியும் அதன் ஓரங்களும்தான். மேட்டில் இருக்கும் ஓட்டல் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, 'உறைபனியே இல்லையே' என்று ஏமாறுகிறவர்கள் ஒரு கிலோமீட்டர் இறங்கி வந்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

அப்பத்தா சேலைக்கு மேல் மகனின் ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், காலில் பேத்தியின் பழைய கேன்வாஸ் ஷூ என்று கிளம்பினார். பிரையண்ட் பூங்கா பக்கத்தில் தொடங்கியது நடை. 1908-ல் பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி உருவாக்கிய பூங்கா அது. பூக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பத்தா நிற்கவில்லை.

முதல் அரை மணி நேரத்திலேயே ஏரி ஒரு வேடிக்கை காட்டும். எதிர்க்கரையில் ஒரு சிவப்பு ஓட்டு வீடு தெரியும். கூப்பிடு தூரம்தான். சாலையோ தண்ணீரை ஒட்டி உள்பக்கமாக வளைந்து, ஒரு குறுகலான மூலை வரை போய், திரும்பி வரும். அந்த வீட்டை நெருங்கும்போது இருபது நிமிடம் கழிந்திருக்கும். காரணம், ஏரி வட்டமானது அல்ல, நட்சத்திர வடிவம். சிறு சிறு பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் கரை போட்டதால், தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரல் விரலாக நுழைந்து நிற்கிறது. கரையில் எங்கே நின்றாலும் ஏரி முழுதாகத் தெரிவதில்லை. மேலேயுள்ள ஏரிக் காட்சி முனையிலிருந்து பார்த்தால் அந்த வடிவம் விளங்கும். ஆனால், ஒவ்வொரு விரலுக்குள்ளும் போய் வருவதன் சுகம் நடக்கிறவருக்குத்தான். ஒரு விரலில் வெயில், அடுத்த விரலில் பனி. ஒன்றில் ஆள் நடமாட்டம், அடுத்ததில் தண்ணீரில் விழும் இலையின் சத்தம்.

"இங்க பாரு, வரத்து" என்று ஒரு விரலின் நுனியில் நின்றார் அப்பத்தா. சாலைக்கு அடியில் பாலம் மாதிரி ஒரு சின்னக் கட்டுமானம். அதன் வழியாக ஓடைத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ஓடையோடு நுரை வந்தது. ஒரு பிஸ்கட் கவர் வந்தது.

"வரத்துக்காலுக்கு மேல வீடு கட்டிட்டாக" என்றார்.

தண்ணீருக்குள் இருப்பது

கொடைக்கானல் ஏரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற இடம் இது. ஏரி இருப்பது பள்ளத்தில். ஊர் இருப்பது அதைச் சுற்றியுள்ள மேட்டில். மேட்டில் ஊற்றுவது எதுவானாலும் பள்ளத்துக்குத்தான் வரும். ஒரு சிறிய மலை ஊருக்கான சாக்கடை வசதியும், சீசனில் வந்து தங்கும் கூட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. தண்ணீரில் சத்து கூடினால் ஆகாயத்தாமரையும் மற்ற களைகளும் கொழுக்கும். ஏரியில் களை அகற்றும் வேலை வருடா வருடம் செய்தியாவது அதனால்தான். களையை எடுப்பது காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரி. காய்ச்சல் வந்த வழி ஓடையில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இந்த ஏரிக்குள் போயிருக்கிறது. பாம்பார் சோலையை ஒட்டிய முகட்டில் 1980-களில் வந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்னை வெடித்து 2001-ல் மூடப்பட்டது. தொழிற்சாலை ஏரிக்கரையில்கூட இல்லை, ஊரின் இன்னொரு பக்கம். ஆனாலும், 2006-ல் வெளியான ஓர் ஆய்வு ஏரியின் தண்ணீர், அடிவண்டல், மீன் மூன்றிலும் பாதரசத்தின் தடயத்தைப் பதிவு செய்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் பல ஆண்டுகள் போராடி, 2016-ல்தான் இழப்பீடு தொடர்பான உடன்பாடு ஏற்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏரிக்கே போக வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை. காரில் சுற்றினால் தண்ணீரின் மேற்பரப்பு மட்டும் தெரியும். நடந்தால் ஓடையும் தெரியும். ஓடையைப் பார்த்தவர் பிஸ்கட் கவரை பையில் போட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கைதான். அன்று பேத்தி அதைத்தான் செய்தாள். ஒரு குச்சியை வைத்து அந்தக் கவரை மட்டும் எடுத்தாள். நுரையை எடுக்க முடியவில்லை.

பாதி வழியில் ஒரு டீக்கடை. இஞ்சி டீ, சூடான மிளகாய் பஜ்ஜி. அப்பத்தா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"கால் வலிக்குதா அப்பத்தா? வேனுக்குப் போன் பண்ணவா?"

"கலுங்கப் பாக்காம எங்க வர்றது?"

கடைக்காரர் இதைக் கேட்டு, "என்னம்மா தேடுறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டி வழி சொன்னார். இத்தனை வருடத்தில் இதைக் கேட்ட முதல் டூரிஸ்ட் நீங்கள்தான் என்று சொல்லி, டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

கரையை அடையாளம் கண்டுபிடிக்க அப்பத்தாவுக்கு அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. சாலையின் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் நிலம் தாழ்ந்து போகிறது என்றால், நிற்பது கரையின் மேல். கார்களும் குதிரைகளும் போகிற அந்தத் தார்ச்சாலையின் கீழேதான் 1863-ன் மண் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் இடத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அப்பத்தா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அருவியாக விழுவதற்கு முந்தைய தண்ணீர், ஓர் ஊர்ச் சாக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய கால்வாயாக, அவசரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேர நடை அவர்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது சித்தப்பா குடும்பம் படகுக்கு வரிசையில் நின்றது. அதே வரிசை, அதே மூன்று மணி நேரம்.

கீழே தெரியும் ஊருக்குத் தண்ணீர்

ஏரியிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருப்பது கோக்கர்ஸ் வாக். மலை விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நடைபாதை. லெப்டினன்ட் கோக்கர் என்பவர் 1872-ல் அமைத்தது. பத்து மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். விடிந்ததும் போனால், கீழே சமவெளி விரிந்து கிடக்கும், பெரியகுளமும் தெரியும். சில நாள்களில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, எதிரே மேகத்தின் மேல் உங்கள் நிழலே வண்ண வளையத்தோடு விழும். பார்த்தவர்கள் குறைவு. அதிர்ஷ்டம்தான்.

அங்கிருந்து பெரியகுளத்தைப் பார்த்தவர்கள், அடுத்த நாள் பேரிஜம் ஏரிக்குப் போவது நல்லது. காரணம் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் காட்டுக்குள் இருக்கிறது பேரிஜம். அதுவும் சதுப்பாக இருந்து கரை கட்டி ஏரியான இடம்தான். ஆனால், கரையில் ஒரு கடை கிடையாது, படகு கிடையாது, தங்க முடியாது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வாகனம் என்று கணக்கு உண்டு. யானைக் கூட்டம் ஏரிப் பக்கம் வந்துவிட்டால் அன்று யாருக்கும் அனுமதி இல்லை. 'அவ்வளவு தூரம் வந்து திருப்பி அனுப்பிட்டாங்க' என்று புலம்புகிறவர்கள் நிறைய பேர். யானைக்கு வேறு ஏரி இல்லை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

வழியில் தொப்பித் தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு என்று நிறுத்தங்கள் உண்டு. மதிகெட்டான் சோலைக்குள் போனவருக்குத் திசை மறந்துபோகும் என்பது பெயர்க் காரணம். மரங்கள் அத்தனை நெருக்கம். சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் சேர்ந்துதான் இந்த மலையின் தண்ணீர்த் தொட்டி. மழை பெய்யும்போது குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடும். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி, தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், விறகுக்கும் எண்ணெய்க்கும் தைலமரமும் நட்டு மூடப்பட்டுவிட்டது. சினிமாவில் பார்த்து எல்லோரும் போட்டோ எடுக்கிற பைன் காடும் நடப்பட்டதுதான். பார்க்கப் பச்சைதான், ஆனால் எல்லாப் பச்சையும் தண்ணீர் சேர்த்து வைக்காது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் அந்தப் புல்வெளியின் செடிதான். கடைசியாக 2018-ல் பூத்தது, இனி 2030-ல். பேத்தி அதைப் போன் காலண்டரில் குறித்துக்கொண்டாள். அப்பத்தா எதுவும் சொல்லவில்லை.

பேரிஜத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். எதிர்க்கரைச் சோலை அப்படியே தலைகீழாகத் தெரியும். அனுமதித்த இடத்தில் மட்டும் கொஞ்ச தூரம் நடக்கலாம். இந்த ஏரியின் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி, சோத்துப்பாறை அணைக்குப் போகிறது. அங்கிருந்து பெரியகுளத்தின் குடிநீர்க் குழாய்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பொம்மை ஊர்போலத் தெரிந்ததே, அதே பெரியகுளம். இந்த ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு.

"இதுல ஒரு துண்டுக் காகிதத்தையும் காணோம் பாரு" என்றார் அப்பத்தா. குடிக்கிற தண்ணீர் என்பதால் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். படகு விடுகிற தண்ணீருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நேரம் மிச்சமிருந்தால் மன்னவனூர். ஏறக்குறைய 35 கிலோமீட்டர். போகும் வழியில் பூம்பாறை, படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அரைக் கிலோ வாங்கினால் பையே மணக்கும். மன்னவனூரில் ஏரியைச் சுற்றித் திறந்த புல்வெளி. அதனால், நடப்பதற்கு மூன்று ஏரிகளில் இதுதான் சுலபம், குழந்தைகளுக்கும் இதுதான் பிடிக்கும். பரிசல் உண்டு, பக்கத்திலேயே ஆட்டுப் பண்ணை உண்டு. மரநிழல் குறைவு என்பதால் மதியம் போக வேண்டாம்.

கிளம்பும் முன்...

சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு இது. 2025 கோடை சீசனில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் மட்டுமே என்று நீதிமன்றம் எண்ணிக்கையும் நிர்ணயித்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மதுரை, திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டிலிருந்து பேருந்துகள் இருக்கின்றன. ஏரி, பூங்கா, கோக்கர்ஸ் வாக் மூன்றுக்கும் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால், இரண்டு நாள் பயணத்துக்குக் கார் அவசியமே இல்லை.

ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது நல்லது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் காட்டு மாடுகள் ஊருக்குள்ளேயே, ஏரிச்சாலையிலேயே நடமாடும். பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும் ஒரு டன் எடை இருக்கும். அது ரோட்டைக் கடக்கும் வரை நின்றுவிட வேண்டும், செல்ஃபிக்கு முதுகைக் காட்டக் கூடாது. முழங்கால் வலி இருக்கும் பெரியவர்கள் 5 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் மதியம் அந்த மேலூர் வேன் கீழே இறங்கியது. டிரைவர் கேட்காமலே வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தினார். ஏற்கெனவே பார்த்ததுதானே என்று யாரும் இறங்கவில்லை. அப்பத்தாவும் பேத்தியும் மட்டும் இறங்கினார்கள். மேலே பார்த்த அந்த அவசரம் இல்லாத தண்ணீர், இங்கே வெள்ளையாக உடைந்து விழுந்துகொண்டிருந்தது. ஏழெட்டுக் கல்லூரிப் பையன்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காலிச் சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீர்ப் பக்கம் வீசினான்.

"எய்யா, அத எடு" என்றார் அப்பத்தா.

பையன் திரும்பிப் பார்த்தான். ஸ்வெட்டரும் மஃப்ளரும் கேன்வாஸ் ஷூவுமாக நின்ற கிழவியைப் பார்த்துச் சிரிக்கலாமா, வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தான். பிறகு பாறையில் கால் வைத்து, மெதுவாக இறங்கி, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"எங்கருந்து வர்றீக?"

"திருமங்கலம், பாட்டி."

"திருமங்கலத்துல கண்மாய் இருக்குல்ல?"

"இருக்கு" என்றான் பையன், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

வேன் ஹாரன் அடித்தது.